'அசைன்' என்று எழுதுவதற்கு முன்

திருப்பூரில் 14 வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்கும் தைக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இப்போது அதே வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, மாலை நேரத்தில், பையருக்கு மெயில் எழுதும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். முதல் வாரமே நான் கையில் எடுக்கும் சொல் 'அசைன்'. பள்ளிக்கூடத்திலேயே 'அசைன்மென்ட்' எழுதியவர்கள்தான் எல்லோரும். அதனால் தெரிந்த சொல் என்று நினைத்துக் கடந்து போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு வேலையை ஒருவரிடம் கொடுத்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஆட்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான். இந்த ஒரு சொல்லால் என் தையல் லைன் மூன்று நாள் நின்றிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த கம்பெனிக்கு இரண்டு யூனிட். ஐரோப்பாவில் ஒரு பையருக்குக் குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முந்தைய மாதம். முதல் யூனிட்டில் லைன் காலி இல்லை. தையலை மட்டும் எங்களுடைய இரண்டாவது யூனிட்டுக்கு மாற்றினோம். இரண்டும் ஒரே முதலாளி, ஒரே லைசென்ஸ் பெயர். பையருக்கு மறைக்காமல் சொல்லிவிடலாம் என்று நான் எழுதிய வரி இது: 'வீ ஹேவ் அசைன்ட் யுவர் ஆர்டர் டு அனதர் யூனிட்.' என் மனதில் ஓடியது, 'உங்க ஆர்டரை இன்னொரு யூனிட்டுக்குக் கொடுத்திருக்கோம்' என்பதுதான். இலக்கணத்தில் ஒரு குறையும் கிடையாது.

மறுநாள் காலையில் பதில் வந்தது. விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கும் அவர்களுடைய கம்ப்ளையன்ஸ் துறையில் இருப்பவர்களையும் சேர்த்திருந்தார்கள். யார் அந்த யூனிட், யாருடைய அனுமதியில் கொடுத்தீர்கள், விளக்கம் வரும்வரை உற்பத்தியை நிறுத்துங்கள். பதறிப்போய் பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்துப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளைப் படித்தேன். எழுதிக் கொடுத்த முன் அனுமதி இல்லாமல் சப்ளையர் இந்த ஆர்டரை 'அசைன்' செய்யவோ சப்-கான்ட்ராக்ட் கொடுக்கவோ கூடாது என்று இருந்தது. ஒப்பந்த மொழியில் 'அசைன்' என்றால் ஆர்டரையே, அதிலுள்ள உரிமையோடு, வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது. நான் எழுதாததை அவர்கள் படிக்கவில்லை. நான் எழுதியதைத்தான் படித்தார்கள்.

அவர்கள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. 2013 ஏப்ரலில் டாக்கா பக்கத்தில் சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தங்கள் துணி அந்தக் கட்டடத்தில் தைக்கப்பட்டதே தங்களுக்குத் தெரியாது என்று அப்போது சில பிராண்டுகள் சொன்னன. அதற்கப்புறம் 'இன்னொரு யூனிட்' என்று பெயர் போடாமல் எழுதினால் எந்தப் பையருக்கும் தூக்கம் வராது. லைசென்ஸ், ஆடிட் ரிப்போர்ட், யூனிட் போட்டோ எல்லாம் அனுப்பி, அவர்கள் சரி என்று சொல்ல மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் தைக்க வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு சும்மா இருக்கும் நாளுக்குக் கூலி கிடையாது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்று நான் எழுதியிருக்க வேண்டியது, 'வீ ஆர் ஸ்டிச்சிங் யுவர் ஆர்டர் அட் அவர் ஓன் செகண்ட் யூனிட்', கீழே முழு முகவரி. அவ்வளவுதான். அசைனே தேவைப்படவில்லை.

எது கை மாறுகிறது?

தமிழில் நமக்கு 'கொடுத்தாச்சு' போதும். வேலையைக் கொடுத்தாச்சு, பொறுப்பைக் கொடுத்தாச்சு, ஆளைக் கொடுத்தாச்சு, பட்டா கொடுத்தாச்சு. என்ன கொடுத்தோம் என்பது முன்னால் வரும் பெயர்ச்சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையில் பாதியை வினைச்சொல் தன் தலையில் சுமக்கிறது. அதனால் எழுதுவதற்கு முன் என் மாணவர்களைத் தமிழிலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: இங்கே கை மாறுவது வேலையா, ஆளா, உரிமையா? 'அசைன்' மூன்றுக்கும் வரும். எழுதுகிறவர் தெளிவாக இல்லாவிட்டால், படிக்கிறவர் தனக்கு எது பயமோ அதை எடுத்துக்கொள்வார்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் 'சிக்னம்', அதாவது அடையாளம், குறி. கையெழுத்துக்குச் சொல்கிற 'சைன்', 'சிக்னேச்சர்' எல்லாம் அதே குடும்பம். ஆக, 'அசைன்' என்றால் இது இன்னாருக்கு என்று குறி போட்டு ஒதுக்குவது. கட்டிங் செக்ஷனில் வெட்டிய துணியைக் கட்டு கட்டாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் பண்டில் டிக்கெட் போடுவோம் இல்லையா? எந்த சைஸ், எந்த நம்பர், எந்த லைனுக்குப் போகணும் என்று அதில் இருக்கும். டிக்கெட் இல்லாத பண்டில் யாருக்கும் சொந்தமில்லாமல் மூலையில் கிடக்கும். அசைன் பண்ணுவது அந்த டிக்கெட்டை ஒட்டுவதுதான். இதை வகுப்பில் சொன்னால் கட்டிங் மாஸ்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

உரிமை கை மாறும் பொருளை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன், அது இதுதான் என்று தெரியாமல். எங்கள் ஊரில் வீட்டுமனைப் பட்டாவை 'அசைன்மென்ட் பட்டா' என்பார்கள். வருவாய்த் துறைக் கோப்பில் அதற்குப் பெயர் 'நில ஒப்படை'. அரசாங்கம் தன் நிலத்தை நிபந்தனையோடு ஒரு குடும்பத்தின் பெயருக்குக் கொடுப்பது. வீட்டுக்குக் கொடுத்ததை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது, குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்றெல்லாம் இருக்கும். 'ஒப்படை' என்ற அந்தத் தமிழ்ச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். காப்புரிமையிலும் இப்படித்தான். பாட்டு எழுதியவரோ படம் வரைந்தவரோ தன் உரிமையை 'அசைன்' செய்தால் அது மற்றவர் கைக்குப் போய்விடுகிறது. நம் நாட்டின் 1957 காப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்தில் செய்து கையெழுத்துப் போட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள். பிரின்ட் டிசைன் வரைந்து கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 'ஐ அசைன் திஸ் டிசைன் டு யூ' என்று ஒருவர் உங்களிடம் கையெழுத்து கேட்டால், அவர் உங்களுக்கு வேலை கொடுக்கவில்லை. உங்கள் உரிமையை வாங்கிக்கொள்கிறார்.

வாக்கியத்தில் உட்கார வைப்பது

உச்சரிப்பை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். எழுத்தில் 'ஜி' இருக்கிறது, வாயில் வராது. நடுவில் வரும் ஒலி பாம்பு சீறுகிற 'ஸ்'. 'டிசைன்', 'ரிசைன்' இரண்டிலும் நடுவில் தேனீ ரீங்காரம் மாதிரி ஒலிக்கும், இதில் அது கிடையாது. அழுத்தம் பின்பகுதியில், 'சைன்' மேல்.

இப்போது இடம். செல்வி என்று ஒரு ஜூனியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வேலையை நகர்த்தினால்: 'ஐ அசைன்ட் த சாம்பிள்ஸ் டு செல்வி.' வேலை முதலில், பிறகு 'டு', பிறகு ஆள். இதையே சுருக்கமாக 'ஐ அசைன்ட் செல்வி த சாம்பிள்ஸ்' என்றும் சொல்லலாம். அப்போது 'டு' வராது. இரண்டும் சரி, இரண்டுக்கும் ஒரே பொருள். சாம்பிள் வேலை செல்வி மேஜைக்குப் போயிற்று.

ஆளை நகர்த்தினால்: 'ஐ அசைன்ட் செல்வி டு த நியூ பையர்.' இங்கே செல்விதான் நகர்கிறாள். இனிமேல் அந்தப் பையரின் வேலை எல்லாம் அவள் பொறுப்பு. இந்த மாதிரியில்தான் 'டு' வந்தபின் வினையும் வரலாம்: 'ஐ அசைன்ட் செல்வி டு செக் த ட்ரிம்ஸ்.' (ட்ரிம்ஸ் என்றால் பட்டன், ஜிப், லேபிள் மாதிரி சாமான்கள்.)

இந்த இரண்டு மாதிரிக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'த ஜெர்மன் ஆர்டர் வாஸ் அசைன்ட் டு செல்வி' என்றால் அந்த ஆர்டர் முடிந்ததும் அவள் வேலையும் முடிந்தது. 'செல்வி வாஸ் அசைன்ட் டு த ஜெர்மன் பையர்' என்றால் அடுத்த சீசனும் பையர் அவளைத்தான் கூப்பிடுவார். ஒரு கம்பெனியில் ஒரு பெண் தற்காலிகமாக மூன்று ஸ்டைல், அதாவது மூன்று மாடல் உடுப்பு, மட்டும் பார்க்கப் போனவள், மெயிலில் இரண்டாவது மாதிரியை எழுதிவிட்டாள். பையர் அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அவளையே கேட்க, ஏற்கெனவே அந்தப் பையரைப் பார்த்து வந்த அண்ணன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளுக்கு ஏன் என்றே தெரியவில்லை. என்னிடம் அந்த மெயிலைக் காட்டியபோதுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது.

'-க்கு' செய்கிற வேலை

'ஐ அசைன்ட் த சாம்பிள்ஸ் ஃபார் செல்வி.' வகுப்பில் பத்து பேரில் ஏழெட்டு பேர் முதல் நாள் இப்படித்தான் எழுதுகிறார்கள். இது கவனக்குறைவு இல்லை. அவர்கள் தமிழ் சரியாக வேலை செய்வதால் வருவது. 'செல்விக்குக் கொடுத்தேன்', 'செல்விக்கு வாங்கினேன்', இரண்டிலும் நமக்கு ஒரே '-க்கு'. ஆங்கிலத்தில் முதலாவது 'டு', இரண்டாவது 'ஃபார்'. ஒரு பொருள் நடந்துபோய் ஒருவர் கையில் சேர்ந்தால் 'டு'. ஒருவருடைய நன்மைக்காகவோ ஒரு நோக்கத்துக்காகவோ என்றால் 'ஃபார்'. எனவே தமிழ் வாக்கியத்தில் '-க்கு' இருக்கும் இடத்தில் '-இடம்' போட்டுப் பாருங்கள். 'செல்வியிடம் கொடுத்தேன்' சரியாக வருகிறதா? அப்படியென்றால் 'டு'. 'செல்வியிடம் வாங்கினேன்' என்றால் பொருளே தலைகீழாகிவிடுகிறது. அங்கே 'ஃபார்'. நான் சொல்லிக்கொடுப்பதிலேயே பிள்ளைகளிடம் நிலைத்து நிற்பது இந்தச் சோதனைதான்.

அடுத்தது 'வித்'. 'ஐ ஆம் அசைன்ட் வித் த்ரீ ஸ்டைல்ஸ்.' இது நம் நாட்டு அலுவலகங்களில் ரொம்பவே புழங்குகிறது, மேனேஜர்களே எழுதுகிறார்கள். ஆனாலும் தவறுதான். 'டாஸ்க்ட் வித்', 'என்ட்ரஸ்டட் வித்' என்று வேறு சொற்களுக்கு வரும் 'வித்' இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. 'ஐ வாஸ் அசைன்ட் த்ரீ ஸ்டைல்ஸ்' என்று நேராக எழுதுங்கள். நடுவில் எதுவும் வேண்டாம். இல்லையென்றால் திருப்பிப் போடுங்கள்: 'த்ரீ ஸ்டைல்ஸ் வேர் அசைன்ட் டு மீ.'

அப்புறம் 'வொர்க்ஸ்'. 'மேனி வொர்க்ஸ் ஆர் அசைன்ட் டு மீ.' தமிழில் வேலைகள் உண்டு, ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் 'வொர்க்' ஒருமைதான். அதைத் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், எண்ண முடியாது. எண்ண வேண்டுமென்றால் 'டாஸ்க்ஸ்' அல்லது 'அசைன்மென்ட்ஸ்'. 'வொர்க்ஸ்' என்றே ஒரு சொல் இருக்கிறது. பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பெயரில் வருவது அதுதான். ஆனால் அது கட்டடம், பாலம், சாலை போன்ற கட்டுமானப் பணி. நீங்கள் லேப் டிப் (கலர் பார்க்கச் சாயம் போடும் சாம்பிள் துணி) பற்றி எழுதும் மெயிலில் அதற்கு இடமில்லை.

காலமும் வழுக்கும். 'நேத்தே கொடுத்துட்டேன்' என்பதில் இருக்கும் '-ட்டேன்' நம்மை 'ஹேவ்' போட வைக்கிறது. 'ஐ ஹேவ் அசைன்ட் இட் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறோம். நாள் சொல்லிவிட்டால் 'ஹேவ்' போகணும்: 'ஐ அசைன்ட் இட் யெஸ்டர்டே.' நாள் சொல்லாமல், வேலை இப்போது அவள் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்றால் 'ஐ ஹேவ் அசைன்ட் இட் டு செல்வி.'

யார் யாருக்கு அசைன் பண்ணலாம்

இது இலக்கணப் புத்தகத்தில் அதிகம் வராது, ஆனால் மெயிலில் மரியாதையே இதில்தான் இருக்கிறது. 'அசைன்' மேலிருந்து கீழே வரும் சொல். வேலை ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்தான் அசைன் பண்ணுவார். டீச்சர் மாணவருக்கு, மேனேஜர் ஜூனியருக்கு. ஒரு பையன் பையருக்கே எழுதினான்: 'வீ ஹேவ் அசைன்ட் த ஆர்ட்வொர்க் அப்ரூவல் டு யூ.' அவன் சொல்ல வந்தது, 'ஆர்ட்வொர்க் அனுப்பிட்டோம், நீங்க பார்த்துச் சொல்லணும்.' படிக்கிறவருக்கு 'இந்த வேலையை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம்' என்று கேட்கும். பணம் கொடுக்கிறவருக்கு வேலை ஒதுக்குவதா? 'த ஆர்ட்வொர்க் இஸ் அவெய்ட்டிங் யுவர் அப்ரூவல்' என்றால் போதும். சமமானவர்களிடமும் யோசித்துத்தான். பக்கத்து மேஜையில் இருக்கும் அக்காவிடம் உதவி கேட்டீர்கள் என்றால் 'ஐ ஆஸ்க்ட் ஹெர் டு ஹெல்ப்'. அவருக்கு அசைன் பண்ணினேன் என்று எழுதி மேனேஜருக்கு காப்பி போட்டால் மறுநாள் டீ குடிக்கும்போது முகம் திருப்பிக்கொள்வார்.

டி அண்ட் ஏ காலண்டரை, அதாவது எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியணும் என்ற அட்டவணையை, இப்போது எல்லோரும் ஷீட்டில் வைத்திருக்கிறார்கள். அதில் 'அசைன்ட் டு' என்று ஒரு பத்தி இருக்கும். அங்கே துறையின் பெயரைப் போடாதீர்கள். 'கட்டிங்', 'ப்ராசசிங்' என்று போட்டால் டிக்கெட் ஒட்டாத பண்டில்தான். ஒரு ஆளின் பெயர், ஒரு தேதி. மெயிலிலும் அப்படித்தான். 'இட் ஹேஸ் பீன் அசைன்ட்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் வெளிநாட்டுக்காரருக்கு, இவர்கள் எதையோ பூசி மெழுகுகிறார்கள் என்று தோன்றும். யாரிடம் என்பதைச் சேருங்கள்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

அசைனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதிகம் குழப்புவது 'டெலிகேட்'. வினையாக வரும்போது கடைசி அசை 'கேட்' என்று தெளிவாகக் கேட்கும். மாநாட்டுக்கு வரும் பிரதிநிதி என்று பெயராக வரும்போது அந்த அசையை விழுங்கி 'கட்' மாதிரி சொல்வார்கள். பொருளில் ஒரு முக்கியமான நிபந்தனை: அந்த வேலையோ அதிகாரமோ முதலில் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். எங்கள் எம்.டி. புது ஆர்டரை எனக்குக் கொடுத்தால் அது அசைன். அவர் மட்டும் கையெழுத்துப் போடும் துணி பில்லை, அவர் ஊரில் இல்லாத வாரம் ஃபேக்டரி மேனேஜர் போடலாம் என்று சொன்னால் அது டெலிகேட். கையெழுத்து மேனேஜருடையது, ஆனால் தப்பு நடந்தால் கேள்வி எம்.டி.யைத்தான் வந்து சேரும். அதிகாரம் போகும், பொறுப்பு வீட்டிலேயே இருக்கும்.

வாக்கியத்திலும் இது அசைன் அளவுக்கு வளைந்து கொடுக்காது. 'ஐ டெலிகேட்டட் செல்வி த ரிப்போர்ட்' வராது. 'ஐ டெலிகேட்டட் த ரிப்போர்ட் டு செல்வி' மட்டுமே. அல்லது ஆளைப் பிரதிநிதியாக அனுப்பும் பொருளில் 'ஐ டெலிகேட்டட் செல்வி டு அட்டெண்ட் த மீட்டிங்'.

ஒரு மாணவன் கொண்டுவந்து காட்டிய மெயில் நினைவிருக்கிறது. 'ஐ ஹேவ் டெலிகேட்டட் த ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் டு த லைன் சூப்பர்வைசர்.' ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் என்றால், பேக் பண்ணி அடுக்கிய கார்ட்டனில் கணக்குப்படி சிலதை உருவி, எத்தனை குறை வரை பொறுக்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 மாதிரி ஒரு அளவுகோல் வைத்து, சரக்கு போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது. தைத்த லைனின் சூப்பர்வைசரிடமே அந்தத் தீர்ப்பைக் கொடுத்தால் பரீட்சை எழுதினவனையே திருத்தச் சொன்ன மாதிரி. பையர் கோபப்பட்டதில் தப்பில்லை. விசாரித்தால், இவன் சூப்பர்வைசரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: 'அண்ணா, இன்ஸ்பெக்ஷனுக்கு கார்ட்டனை எடுத்து ரெடியா வைங்க.' அதற்கு 'ஐ ஹேவ் ஆஸ்க்ட் த லைன் சூப்பர்வைசர் டு கீப் த கார்ட்டன்ஸ் ரெடி' போதும். பெரிய வினைச்சொல் போட்டால் மெயில் கம்பீரமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். பெரிய சொல் பெரிய அதிகாரத்தையும் கூடவே இழுத்து வரும்.

'என்ட்ரஸ்ட்' உள்ளே 'ட்ரஸ்ட்' இருக்கிறது. நம்பி ஒப்படைப்பது. 'ஷீ என்ட்ரஸ்டட் த கீஸ் டு மீ', அல்லது 'ஷீ என்ட்ரஸ்டட் மீ வித் த கீஸ்'. இங்கேதான் 'வித்' சரி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவு நம்பிக்கை மோசடியை விளக்கும்போது 'என்ட்ரஸ்டட் வித் ப்ராப்பர்ட்டி' என்றுதான் சொல்லும். 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்திருக்கும் நியாய சன்ஹிதாவில் அது 316ஆம் பிரிவு. அந்தக் கனத்தை நினைவில் வைத்துக்கொண்டு சாவி, பணம், குழந்தை, ரகசியம் இவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். காஜா பட்டன் வேலைக்கு வேண்டாம்.

'அலாட்' இருக்கும் மொத்தத்தில் பங்கு பிரிப்பது. ரயிலில் பெர்த், ஹாஸ்டலில் ரூம், யூனிட்டில் மெஷின். 'வீ அலாட்டட் ட்வென்ட்டி மெஷின்ஸ் ஃபார் திஸ் ஸ்டைல்': நோக்கத்துக்கு என்பதால் இதில் 'ஃபார்' சரிதான். 'டெப்யூட்' நம் நாட்டு அரசு அலுவலகங்களில் தினமும் புழங்கும் சொல். ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்புவது இதுதான். வெளிநாட்டுப் பையருக்கு 'வீ ஹேவ் டெப்யூட்டட் அவர் க்யூ.சி. டு த மில்' என்று எழுதினால் புரியும், ஆனால் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும். 'சென்ட்' போடுங்கள்.

திருப்பூருக்கே உரிய ஒன்று, ஜாப் ஒர்க். துணியை டையிங்குக்கோ, பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்குக்கோ அனுப்புவதை யாராவது 'அசைன்' என்று எழுதினால் நான் விடமாட்டேன். ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஜாப் ஒர்க் என்றால் இன்னொருவருக்குச் சொந்தமான சரக்கின் மேல் செய்து கொடுக்கும் வேலை. துணி நம்முடையதாகவே இருக்கிறது, டெலிவரி சலான் போட்டு அனுப்பி ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்றே விதி. கை மாறாத ஒன்றை எதற்கு மாறினதாக எழுத வேண்டும்? 'வீ ஹேவ் சென்ட் த ஃபேப்ரிக் ஃபார் டையிங்.' எந்த யூனிட் என்ற பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு மெயிலைத் திருத்தினோம்

போன வாரம் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள் ஆன ஒரு பெண், போனை நீட்டி, 'அக்கா, இதை அனுப்பலாமா?' என்று கேட்டாள். இன்னும் அனுப்பாத மெயில். 'டியர் சார், த வொர்க்ஸ் ஆர் அசைன்ட் வித் மீ யெஸ்டர்டே ஃபார் லேப் டிப், ஐ வில் அசைன் டு டையிங், தென் யூ ஆர் அசைன்ட் ஃபார் அப்ரூவல்.' போர்டில் அப்படியே எழுதினோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. எது கை மாறியது என்று மட்டும் அவளைத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

'லேப் டிப் வேலை எங்கிட்ட வந்துச்சு. கலர் பார்க்க சாம்பிள் துணி டையிங்குக்குப் போகும். திரும்பி வந்ததும் பையர் பார்த்து ஷேடு ஓகே பண்ணணும்.'

முதலாவதில் மட்டும்தான் வேலை ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே அசைன் இருக்கட்டும். இரண்டாவதில் துணி போகிறது, வேலையின் பொறுப்பு இவளிடமே. எனவே 'சென்ட்'. மூன்றாவதில் பையருக்கு யாரும் எதையும் ஒதுக்க முடியாது, கேட்கத்தான் முடியும். 'வொர்க்ஸ்' அழிந்தது, 'வித்' அழிந்தது, 'ஆர்' இருந்த இடத்தில் 'வாஸ்' வந்தது. லேப் டிப்பில் ஏ, பி, சி என்று மூன்று ஷேடு வரும் என்பதையும், எந்தத் தேதியில் கூரியர் போகும் என்பதையும் அவளே சேர்த்தாள். கடைசியில் போர்டில் நின்றது:

'டியர் சார், த லேப் டிப் ஃபார் யுவர் நேவி ஸ்டைல் வாஸ் அசைன்ட் டு மீ யெஸ்டர்டே. ஐ ஆம் சென்டிங் த ஃபேப்ரிக் டு அவர் டையிங் யூனிட் டுடே. ஆப்ஷன்ஸ் ஏ, பி அண்ட் சி வில் பி கூரியர்ட் டு யூ ஆன் ஃப்ரைடே. குட் யூ ப்ளீஸ் லெட் அஸ் நோ விச் ஷேட் யூ அப்ரூவ்?'

அங்கேயே நின்று டைப் பண்ணி அனுப்பினாள். வகுப்பு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நன்றி சொல்லி, இனி இந்த ஸ்டைலுக்கு உங்களையே தொடர்பு கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அதற்கு 'யெஸ்' போடுவதற்கு முன் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'உங்க மேனேஜர்கிட்ட கேட்டுட்டு போடு, அசைன் பண்றது அவர்தான்' என்றேன்.